விருந்தாளிகளுக்கான தண்ணீர்

பாலைவனத்தில் இருக்கும் ஒரு ராணுவப் பயிற்சி முகாமுக்குக் குடிநீர்த் திட்டம் போட வேண்டும் என்று எங்கள் சிட்னி அலுவலகத்துக்கு வேலை வந்தபோது, மேலாளர் அதை என்னிடமும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரிடமும் ஒப்படைத்தார். நான் மதுரைக்காரி. அவர் என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். நான் ஆமாம் என்கிற இடத்தில் அவர் ஓம் என்பார். அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டே பேர். "நீங்கள் இருவர் என்றால் சண்டை வராது" என்று மேலாளர் காரணம் சொன்னார். பாவம், அவருக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையுமா, சொதியா என்று தொடங்கிய ஒரு வாக்குவாதத்தில் நாங்கள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறோம்.

வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டோம். எத்தனை பேருக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்று கணக்குப் போடுவது நான். அந்தக் கணக்கை வாங்கி, தொட்டி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும், பம்பு எது, குழாய் எந்த அளவு என்று முடிவு செய்வது அவர். கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் அந்த முகாம் ஒரு தினுசான இடம். பயிற்சி நடக்கும் சில வாரங்களில் சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவார்கள். சமையல், குளியல், துணி துவைப்பது, வண்டி கழுவுவது என்று தண்ணீர் பறக்கும். பயிற்சி முடிந்ததும் எல்லோரும் போய்விடுவார்கள். பிறகு அங்கே இருப்பது ஒரே ஓர் ஆள்தான். முகாமைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர், அவருடைய சிறிய வீடு, சுற்றிலும் சிவப்பு மண்.

இடத்தைப் பார்க்க ஒரு குட்டி விமானத்தில் போனோம். அண்ணா ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஆமிக்குத் தண்ணி குடுக்கிற வேலை எனக்கு வரும் எண்டு நான் கனவிலயும் நினைக்கேல்ல, தங்கச்சி" என்றார்.

அவர் பிறந்த ஊரில் ராணுவ முகாம் என்றால் அதற்கு வேறு அர்த்தம். ஆனாலும் விமானம் இறங்கியதும் முதல் ஆளாகப் போய் ஆழ்துளைக் கிணற்றின் மூடியைத் திறந்து பார்த்தவர் அவர்தான்.

பராமரிப்பாளர் முன்னாள் சிப்பாய். வெயிலில் வெந்து சிவந்த முகம், பேச்சு குறைவு. பழைய கிணறு, துருப்பிடித்த தொட்டி, அரை மனதோடு ஓடும் பம்பு எல்லாவற்றையும் காட்டினார். தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. சோப்புப் போட்டால் நுரை வராது என்றார். நாங்கள் கிளம்பும் நேரத்தில், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் ஒன்று இருக்கிறது, பார்த்துவிட்டுப் போகிறீர்களா?" என்று கேட்டார். ஆங்கிலத்தில் கேட்டதைத்தான் என் தமிழில் எழுதுகிறேன்.

அவர் வீட்டின் பின்பக்கம் ஓர் அறை. வெளிர் நீலத்தில் புதிதாகச் சுண்ணம் அடித்திருந்தது. சாய்ந்து படுக்கக்கூடிய நாற்காலி ஒன்று. பக்கத்திலேயே மின் இணைப்பு, கழிவுநீர் போகத் தரையோரம் குழாய், சுவரில் பளபளவென்று ஒரு பித்தளைக் குழாய்முனை. அதைத் திருகினேன். காற்றுகூட வரவில்லை.

"அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. தண்ணீர் வந்தால் இணைக்கலாம் என்று வைத்திருக்கிறேன்" என்றார்.

அது அவர் மனைவிக்காக அவரே தன் கையால் கட்டிய அறை. மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் பல நாள் டயாலிசிஸ். அதற்காக அந்த அம்மாள் நெடுந்தூரம் தள்ளி இருக்கும் நகரத்தில், ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தார். மருத்துவமனை, வீட்டிலேயே வைத்துக்கொள்ள மிஷின் தரத் தயாராக இருந்தது. அதை இயக்க இருவரும் பயிற்சிகூட எடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனைதான். வீட்டில் தடையில்லாமல் நல்ல தண்ணீர் வர வேண்டும். இந்தக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். புதுத் திட்டத்தில் உப்பு நீக்கிய தண்ணீர் வந்தால் அந்த அம்மாள் வீட்டுக்கு வரலாம். வராவிட்டால் வர முடியாது. விஷயம் அவ்வளவுதான்.

அவர் அங்கேயே மனைவிக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"தண்ணீர்க்காரர்கள் வந்திருக்கிறார்களா?" என்று உற்சாகமான குரல் வந்தது. "அந்த மிஷினைப் பற்றிச் சொன்னாரா? ஒரு தடவை ஓடுவதற்கே குளியல் தொட்டி அளவு தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும். எனக்கு மட்டும் நாளைக்கு இரண்டு மூன்று கப். டீ, சூப்பு எல்லாம் அதற்குள்தான். தாகம் எடுத்தால் ஒரு ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொள்வேன். என்ன நியாயம் பாருங்கள்!" என்று சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "நான் வீட்டுக்கு வந்துவிடுவேனா?"

எங்கள் தொழிலில் முதலில் சொல்லிக்கொடுப்பதே, யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்காதே என்பதுதான். முயற்சி செய்கிறோம் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், அண்ணா ஆங்கிலத்தில், "வருவீர்கள். நிச்சயமாக வருவீர்கள்" என்று சொல்லிவிட்டார்.

விமானத்துக்குத் திரும்பி நடக்கும்போது எனக்குச் சுர்ரென்று வந்தது. "என்னண்ணா, நீங்க பாட்டுக்கு வாக்குக் கொடுத்துட்டு வர்றீங்க? நடக்கலைன்னா?"

"அந்த மனுசி அப்பிடிக் கேட்டால் வேற என்னத்தைச் சொல்றது, தங்கச்சி?"

முகத்தில் மொய்த்த ஈக்களை விரட்டிக்கொண்டு நடந்தேன்.

சிட்னி திரும்பி வேலையில் இறங்கினோம். நான் ஆட்களையும் தேவைகளையும் கணக்கிட்டுக் கொடுத்தேன், அவர் தொட்டியையும் பம்பையும் வடிவமைத்தார். சுத்திகரித்த தண்ணீர் அந்த வீட்டுக்குப் போக ஒரு தனிக் கிளைக் குழாயும் போட்டோம். வரைபடத்தைப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. தொட்டி கோயில் குளம் மாதிரி பெரிதாக இருந்தது. அண்ணாவும் அதைப் பார்த்து, "இனி ஒருத்தருக்கும் தண்ணி இல்லை எண்ட கதையே வராது" என்று திருப்தியாகச் சொன்னார்.

சில வாரங்கள் கழித்து மேலாளர் எங்களை அழைத்தார். திட்டம் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகிவிட்டதாம், எதையாவது குறைக்கச் சொல்லி ராணுவத் தரப்பிலிருந்து சொல்லிவிட்டார்களாம். அவரே குறைத்தும் விட்டிருந்தார். வரைபடத்தில் வீட்டுக்குப் போகும் கிளைக் குழாயின் மேல் சிவப்பில் ஒரு கோடு.

"வீடு பழைய கிணற்றிலேயே இருக்கட்டும். அங்கே இருப்பது ஒரே ஓர் ஆள்தானே" என்றார்.

"இரண்டு பேர்" என்றேன்.

"ஆவணத்தில் ஒருவர் என்றுதான் இருக்கிறது."

அறையைப் பற்றிச் சொன்னேன், மிஷினைப் பற்றிச் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார், அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆனால் சிப்பாய்களுக்கான தொட்டியில் கை வைக்க முடியாது, வேறு எதைக் குறைப்பது என்று கேட்டார். தொட்டியைச் சந்தேகப்பட எனக்கும் தோன்றவில்லை, அண்ணாவுக்கும் தோன்றவில்லை. எங்கள் தொட்டி ஆயிற்றே!

அந்த வாரம் முழுக்க எரிந்து விழுந்துகொண்டே இருந்தேன். வீட்டில் கணவர் என் பக்கத்தில் வரவே யோசித்தார். வெள்ளிக்கிழமை கிளம்பும்போது அண்ணா, "ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் வீட்டை சாப்பிட வாங்கோ. இப்பிடி மூஞ்சையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்க வேண்டாம்" என்றார்.

அவர் வீடு சிட்னியின் லிட்கம் பகுதியில். கிளம்புவதற்கு முன் நான் ஒரு பெரிய பாத்திரம் நிறையப் புளியோதரை கிளறினேன்.

"அவங்க சாப்பாடு இல்லாமலா கூப்பிடுறாங்க?" என்றார் கணவர்.

"ஒருவேளை பத்தலைன்னா? சும்மா வாங்க."

யாழ்ப்பாணத்து வீட்டில் சாப்பாடு பற்றாமல் போகும் என்று நினைத்த என்னைத்தான் சொல்ல வேண்டும். மேசையில் ஆட்டுக்கறி, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, சொதி, மீன் பொரியல். நடுவில் சோற்றுப் பானை. அதற்குப் பக்கத்தில் என் புளியோதரை, அழையாத விருந்தாளி மாதிரி. நான்கு பேரும் மூச்சு முட்டச் சாப்பிட்டோம். எழுந்தபோது பானையில் சோறு குறைந்த மாதிரியே தெரியவில்லை.

அண்ணாவின் மனைவி சமையலறையில் நின்று, குளிர்சாதனப் பெட்டியில் இடம் தேடிக்கொண்டே பொரிந்து தள்ளினார்.

"எல்லாம் இவரால தான். நான் எங்கட நாலு பேருக்கும் எண்டு அரிசி போட்டு, ஆரும் வந்தால் எண்டு மேல ரெண்டு சுண்டு அரிசியும் போட்டனான். இந்த மனுசன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் வந்து, ஆரும் வந்தால் எண்டு இன்னும் ரெண்டு சுண்டு போட்டிட்டார். இப்ப ஆர் வந்தது? ஒருத்தரும் வரேல்ல. நாளைக்கு எல்லாம் பழுதாப் போகும், கொட்டத்தான் வேணும்."

கை கழுவிக்கொண்டிருந்த அண்ணா குழாயை மூடினார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"தங்கச்சி" என்றார் மெதுவாக. "நீங்கள் எனக்குத் தந்த கணக்கில, ஆரும் வந்தால் எண்டு ஏதும் கூடப் போட்டனீங்களோ?"

"போட்டேன்ணா."

"எவ்வளவு?"

"கால் பங்கு. ஒவ்வொண்ணுலயும். நீங்க?"

"நானும் போட்டனான். நீங்கள் இறுக்கிப் பிடிச்சுத்தான் போட்டிருப்பியள் எண்டு நினைச்சு, கொஞ்சம் தாராளமாவே போட்டனான்."

என் கணவருக்குப் புரையேறியது. "ராணுவ முகாமுக்குச் சொல்லாம கொள்ளாம எந்த விருந்தாளி வருவான்? கேட்ல துப்பாக்கியோட நிக்கிறானே!" என்று கேட்டுவிட்டு, சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரிக்கிறவர் சிரிக்கட்டும். எங்களுக்கு அப்படித்தான் கை வரும். சாப்பிட உட்காருகிறவர்களைத் தலை எண்ணக் கூடாது, கண் பட்டுவிடும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எண்ணாமல் போடுவோம், கூடப் போடுவோம், கூடப் போட்டதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டோம். சொன்னால் அது பெருமை அடித்துக்கொள்வது. மேலாளரும் கூடுதலாக ஒரு பங்கு சேர்த்திருந்தார்தான், ஆனால் அவர் ஊர் வழக்கப்படி அதை எல்லோரும் பார்க்கத் தனி வரியில் எழுதிவைத்திருந்தார். எங்கள் இருவருடையதும் ஒன்றுக்குள் ஒன்றாக ஒளிந்து கிடந்தது. மூன்றும் சேர்ந்து தொட்டியை ஊதிவிட்டிருந்தன.

அண்ணா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் சிரிக்கவில்லை. "இந்தச் சோறு மாதிரித்தான் அந்தத் தொட்டியும்" என்றார். "அவ்வளவு பெரிய தொட்டி, அவ்வளவு வெயில், குடிக்கிறது ஒரு ஆள். போடுற குளோரின் கொஞ்ச நாளில இல்லாமப் போகும். தண்ணி நிண்டு பழுதாப் போகும். நிலத்துக்குள்ள இருந்து எடுத்து, உப்பை நீக்கி, பிறகு மண்ணில கொட்ட வேணும்."

நான் நினைத்தது வேறு. வரவே போகாத விருந்தாளிகளுக்கு இலை போட்டு உட்காரவைத்துவிட்டு, வருகிறேன் வருகிறேன் என்று வாசலில் காத்து நின்ற ஒரே ஒரு பெண்ணை நாங்கள் வெளியே தள்ளியிருக்கிறோம். சிவப்புக் கோடு போட்டது மேலாளர் என்று ஒரு வாரமாக அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அங்கேயே, புளியோதரைப் பாத்திரத்துக்கு முன்னால், எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணாவின் மனைவி விஷயம் முழுதும் தெரியாமலேயே என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு அண்ணா எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒன்றுதான்: "அப்ப நாளைக்கே போய்ச் சொல்லுங்கோ."

மறுநாள் காலையிலேயே போய்ச் சொன்னோம். மேலாளர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"அப்படியானால் மூன்று பேருமே கூடப் போட்டிருக்கிறோம்?"

"ஆமாம்."

"யாருக்காக?"

விருந்தாளிகளுக்காக என்றேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். புது ஏற்பாட்டை அண்ணா பலகையில் வரைந்து காட்டினார். ஒரே பெரிய தொட்டிக்குப் பதில் இரண்டு. சின்னது எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், வீட்டுக்கு அன்றாடம் புதுத் தண்ணீர் அதிலிருந்து போகும். மற்றதைப் பயிற்சிக்கு முன் மட்டும் நிரப்பினால் போதும். மொத்தத்தில் பழையதைவிட மிகவும் சிறியது. கிளைக் குழாயைத் திரும்பப் போட்டாலும் ராணுவத் தரப்பு கேட்ட அளவுக்குள்ளேயே அடங்கியது.

மேலாளர் தயங்கினார். அறிக்கை ஏற்கெனவே போய்விட்டது, அவர்களும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், இப்போது போய் எங்கள் கணக்குத் தப்பு என்றால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றார். நான் கத்துவதற்குத் தயாரானேன். அண்ணா கையைக் காட்டி என்னை அடக்கிவிட்டு, அமைதியாக ஆங்கிலத்தில் கேட்டார்: "பழுதான தண்ணீரைக் குடித்து ஒரு முகாமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால், அப்போது என்ன நினைப்பார்கள்?"

மேலாளர் எங்கள் முன்னாலேயே போனை எடுத்தார். தப்பு எங்கள் நிறுவனத்துடையது என்று தன் தலையிலேயே போட்டுக்கொண்டு பேசினார். அவரைத் திட்டியதற்கெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

திருத்திய கணக்கில் விருந்தாளி ஒருவரும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலை எண்ணிப் போட்டேன். வீடு என்ற இடத்தில் இரண்டு பேர் என்று எழுதினேன். மேலாளர் அதைக் கண்டுபிடித்து, "ஆவணத்தில் ஒருவர்" என்று மறுபடியும் ஆரம்பித்தார்.

"தண்ணீர் போய்ச் சேரும்போது ஆவணம் தன்னால் சரியாகிவிடும்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதைத் தொடாமல் விட்டுவிட்டார். திட்டம் நிறைவேறியது. புதுக் கிணறு தோண்டி, குழாய் பதித்து, தொட்டிகள் எழும்பி, உப்பு நீக்கும் இயந்திரம் வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மருத்துவமனை ஆட்கள் வந்து தண்ணீரைச் சோதித்துவிட்டு, சரி என்று எழுதிக் கொடுத்தார்கள்.

கடைசிச் சரிபார்ப்புக்கு நானும் அண்ணாவும் போனோம். அவர் மனைவி முறுக்கு செய்து கொடுத்து அனுப்பியிருந்தார். கணக்காகத்தான் வைத்தேன் என்று சொன்னாராம். அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடக்க இரண்டு கை வேண்டியிருந்தது.

பராமரிப்பாளரின் வீட்டு வாசலில் ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். போனில் கேட்ட குரலுக்கு நான் மனதில் ஒரு பெரிய உருவம் கொடுத்திருந்தேன். இவர் ஒடிந்துவிடுவது போல மெலிந்து, கணவர் தோளுக்குக்கூட எட்டாமல் இருந்தார். முதல் வேலையாக எங்களை அந்த நீல அறைக்குக் கூட்டிப்போய் மிஷினைக் காட்டினார், புது மருமகளைக் காட்டுகிற மாதிரி. பித்தளைக் குழாய்முனைக்குப் பின்னால் இப்போது தண்ணீர் இருந்தது.

பிறகு சமையலறைக்கு வந்தோம். எங்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தார். அவர் மட்டும் குடிக்கவில்லை. அலமாரியிலிருந்து உயரமான கண்ணாடித் தம்ளர் ஒன்றை எடுத்துக் கணவரிடம் நீட்டினார்.

"முழுசாகவா?" என்று கேட்டார் கணவர்.

"முழுசாக. காலையிலிருந்து நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை, உனக்கே தெரியும். என் பங்கைச் சேர்த்து வைத்திருக்கிறேன்."

அவர் குழாயைத் திறந்து தம்ளரை விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தார். அந்த அம்மாள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். நாங்கள் மூன்று பேரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். என் வாழ்க்கையில் எத்தனையோ தொட்டிகளுக்கும் குழாய்களுக்கும் கணக்குப் போட்டிருக்கிறேன். ஒருவர் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து அழுதது அன்றைக்குத்தான்.

"கொஞ்சம் சூடாக இருக்கிறது" என்றார் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு.

"குழாய் வெயிலில் கிடக்கிறது அல்லவா, அதுதான். சரி செய்துவிடலாம்" என்று அண்ணா அவசரமாக ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்த அம்மாள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். "இந்தக் குரல் எனக்குத் தெரியும். அன்றைக்குப் போனில், வருவீர்கள் என்று சொன்னது நீங்கள்தானே?"

அண்ணாவுக்கு ஆங்கிலம் மறந்துபோயிற்று.

"ஓம்" என்றார்.

அந்த அம்மாளுக்கு அது புரிந்தது.